பன்னிரண்டு வராகன்

கடத்தூரில் பத்திரம் எழுத வருகிறவர்கள் கலைமதியைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "எழுதறவரு இல்லீங்களா?" என்பதுதான். எழுதுகிறவர் அர்ச்சுனன் உள்ளே நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உரிமம் அவர் பெயரில் இருக்கிறது, கடைசியில் போடுகிற கையெழுத்தும் அவருடையதுதான். மற்றதெல்லாம் கலைமதி. விற்பவர், வாங்குபவர், சர்வே எண், நாலு பக்கத்து எல்லை என்று பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போவாள். முப்பத்திரண்டு வயது, கொஞ்சம் பேச்சு, நிறையக் கோபம். ஆதார் நகல் இல்லாமல் வந்தவர்களை அவள் பார்க்கிற பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் இரண்டு நகல் கூடுதலாக எடுத்து வருவார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கதி நடந்தது. ஒரு கிரையப் பத்திரத்தில் "கிழக்கே குள்ளம்மாள் வீடு" என்று இருந்தது. விசாரித்தால் அந்தக் குள்ளம்மாள் செத்து நாற்பது வருஷம் ஆகிறதாம், வீடு இருந்த இடத்தில் செல்போன் டவர் நிற்கிறதாம். கலைமதி அர்ச்சுனனிடம் போய்க் கேட்டாள்.

"பழசுல எப்படி இருக்குதோ அப்படியே போடும்மா. எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கிட்டு வர்றோம்," என்றார் அவர்.

அவள் அப்படியே போடவில்லை. வந்தவர்களை உட்கார வைத்து, கிழக்கே இப்போது யார், மேற்கே இப்போது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு மணி நேரத்தைத் தின்றாள். அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவள் தட்டிய பத்திரம் எதுவும் எல்லைத் தகராறு என்று இதுவரை திரும்பி வந்ததில்லை. பார்த்து எழுதினால் போதும், எழுதியதைப் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று இருக்கிற தொழிலில், அவள் படித்துப் பார்க்கிறவள்.

இந்தப் புத்தி அவளுக்குப் பிறக்கும்போதே வந்ததில்லை. அவளும் ஒரு காலத்தில் ஒரு காகிதத்தைப் படிக்காமல் விட்டவள்தான்.

அது அவளுடைய நிச்சயதார்த்தக் காகிதம். ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. மாப்பிள்ளை சந்திரமோகன், பொம்மிடிப் பக்கத்து ஊர், சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருந்தான். நிச்சயத்தன்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரியம் வைக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, தேங்காய், நடுவில் பரியப் பணம் என்று தட்டை நிரப்பி, மாப்பிள்ளையின் பெரியப்பா கிருஷ்ணப்பன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்றார். கலைமதியின் அப்பா வாங்கிக்கொண்டு, "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்றார். இப்படி மூன்று தடவை. பிறகு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் எல்லாவற்றையும் எழுதி, உரக்கப் படித்தார்கள்.

"பரியம் பன்னிரண்டு வராகன்" என்று படித்தபோது அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். வராகன் என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவரவர் கல்யாணத்துக்கும் பன்னிரண்டு வராகன்தான், அவரவர் அப்பன் கல்யாணத்துக்கும் அதேதான். தட்டில் இருந்ததோ இரண்டு இருபது ரூபாய்த் தாளும் ஒரு இரண்டு ரூபாய்க் காசும். அதுவும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நாற்பத்திரண்டுதான். அது ஏன் நாற்பத்திரண்டு, ஐம்பதாக வைத்தால் குறைந்தா போவார்கள் என்று கேட்கிற ஆளும் பிறக்கவில்லை. கலைமதியின் அப்பா அந்த நாற்பத்திரண்டு ரூபாயை வேன் டிரைவர்களுக்கு டீ செலவுக்கென்று கொடுத்துவிட்டார். மறு வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சந்திரமோகனை முதல் மூன்று வருஷத்துக்குக் குறை சொல்ல முடியாது. நாலாவது வருஷம் போனில் ரம்மி ஆடக் கற்றுக்கொண்டான். முதல் தடவை எட்டாயிரம் ஜெயித்து வீட்டுக்கே பிரியாணி வாங்கி வந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிரியாணி வாசம் வீசவில்லை. லாரிக்குத் தவணை நின்றது, கலைமதியின் வளையல் போனது, ஆரம் போனது, கடைசியில் தாலிக்கொடியைக் கழற்று என்றான். மாட்டேன் என்றதற்குக் கையை ஓங்கினான். ஓங்கியதோடு நிற்கவும் இல்லை. மறுநாள் காலை அவள் ஒரு துணிப்பையையும் பி.ஏ. சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கடத்தூர் பஸ்ஸில் ஏறினாள். அந்த வாரமே அர்ச்சுனனிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

நாலு வருஷம் அப்படியே ஓடியது. அவன் பாட்டுக்கு அவன், இவள் பாட்டுக்கு இவள் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவன் ஆப்பில் கடன் வாங்கும்போதெல்லாம் மனைவியின் நம்பர் என்று இவள் நம்பரைக் கொடுத்துவைத்தான். பத்திரம் தட்டிக்கொண்டிருக்கும்போது எவனோ ஒருவன் இந்தியும் தமிழும் கலந்து அவளைக் கண்டபடி திட்டுவான். நம்பரை மாற்றினாள். புது நம்பரும் இரண்டே மாதத்தில் அவர்கள் கைக்குப் போய்விட்டது. போதுமடா சாமி என்று தர்மபுரியில் ஒரு வக்கீலைப் பிடித்து, இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற மனுவைத் தயார் செய்தாள். அதற்கு அவன் கையெழுத்து வேண்டும். அவன் சொல்லி அனுப்பினான்: "ஊர்ல முறைப்படி தீத்துக்கட்டும். பரியத்தத் திருப்பி வெச்சா கையெழுத்துப் போடறேன்."

பெண்ணே வேண்டாமென்று வந்துவிட்டால் வாங்கிய பரியத்தைத் திருப்பி வைத்துத் தீர்த்துக்கொள்வது அவர்கள் ஊர் முறை. கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்திரண்டு ரூபாய்தானே, கூட எட்டு ரூபாய் போட்டு ஐம்பதாகவே கொடுத்துவிடலாம் என்று அம்மா சென்னம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டாம் நாள் கிருஷ்ணப்பனிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா கலைமதி, நல்லா இருக்கியா? ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டிருக்கறோம். பரியத்தோட வந்துரு."

"வர்றங்க பெரிய மாமா. நாப்பத்திரெண்டு ரூவாதானுங்களே?"

"யாரு சொன்னது? தாள்ல என்னா எழுதியிருக்குதுன்னு பாத்தியா நீ? பன்னண்டு வராகன். வராகன்னா தங்கக் காசும்மா. பசங்க போன்ல தேடி எடுத்துட்டானுங்க. ஒரு காசு மூனு கிராம் நானூறு மில்லி. பன்னண்டுக்கும் சேத்து நாப்பது கிராமுக்கு மேல வருது."

அவர் போனை வைத்த பிறகு அவள் கால்குலேட்டரை எடுத்தாள். அன்றைக்குப் பவுன் எழுபத்திரண்டாயிரம். பன்னிரண்டு வராகனுக்கு மூன்று லட்சத்து அறுபத்தேழாயிரம் வந்தது. போஸ்டாபீஸில் அவள் மாதாமாதம் போட்டு வைத்திருந்தது இரண்டு லட்சம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாகப் போகிறது, அதைப் பிடித்துச் சொந்தமாக ஒரு டைப்பிங் சென்டர் போட வேண்டும் என்று சேர்த்த பணம்.

"அடி ஆத்தாடி!" என்று சென்னம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடுத்துத் தொலைச்சிடலாம் கலை. உன் போஸ்டாபீஸ் பணத்த எடு, நான் மாட்ட வித்துத் தர்றேன். மீதிக்கு யாரயாச்சும் கேப்போம். பீடை வுட்டா போதும்," என்றாள்.

"வித்துக் குடுத்தா நாலு நாள்ல ரம்மியில வுட்டுருவான். நாலு வருஷம் வெரலு தேய அடிச்ச காசும்மா. ஒத்தப் பைசா தர மாட்டேன்."

"அப்போ கையெழுத்து?"

கலைமதி கால்குலேட்டரை எடுத்து இன்னொரு தடவை கணக்குப் போட்டாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் அர்ச்சுனனிடம் வராகன் என்றால் என்ன என்று கேட்டாள். "பழைய வார்த்தை. பணம்னு அர்த்தம். அவ்ளோதான்," என்று அவர் பேப்பரைப் புரட்டினார். அவ்வளவுதான் என்று விடுகிற பெண்ணா அவள்? பின்னறையில் அர்ச்சுனனின் தாத்தா காலத்திலிருந்து சேர்ந்த பழைய நகல் கட்டுகள் இருந்தன. தூசிக்கு மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு இரண்டு மதியம் அவற்றைப் பிரித்தாள். மூன்றாம் மதியம் ஒரு பாகப்பிரிவினை நகல் அகப்பட்டது. அண்ணன் தம்பிகள் கிணற்றைப் பிரித்துக்கொண்ட காகிதம். "வராகன் இருபதுக்கு ரூபாய் எழுபது" என்று அதில் எழுதியிருந்தது.

அப்படியானால் ஒரு வராகன் மூன்றரை ரூபாய். பன்னிரண்டு வராகன்? பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு, பன்னிரண்டு அரை ஆறு, ஆக நாற்பத்திரண்டு. அவள் அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அர்ச்சுனன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலை போனில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். வராகம் என்றால் பன்றி. பெருமாள் பன்றியாக அவதாரம் எடுத்த உருவத்தைக் குத்தி, அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கக் காசு அடித்தார்கள். பன்றி போட்ட காசு வராகன். நாம் வாய்க்கு வாய் பணம் பணம் என்கிறோமே, அதுகூட முதலில் ஒரு காசின் பெயர்தான். அது வராகனைவிடச் சின்னது, சுண்டுவிரல் நகத்தளவுகூடத் தேறாது. பிறகு வெள்ளைக்காரன் வந்து வராகனை நிறுத்தி, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று ஒரு கணக்கு வைத்து எல்லாவற்றையும் ரூபாயாக்கினான். கடலைக் காட்டைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று வாரத்துக்கு நாலு மனு தட்டுகிற கலைமதிக்கு, அதே பன்றியை மடியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தவர்களை நினைத்து வேடிக்கையாக இருந்தது.

ஊரில் என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. யாரோ ஒரு பாட்டன் பன்னிரண்டு வராகனை நியாயமாகக் கணக்குப் போட்டு நாற்பத்திரண்டு ரூபாய் வைத்திருக்கிறான். அன்றைக்கு அது உண்மையிலேயே பெரிய பணம். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் தாளில் வராகனை விடவில்லை, தட்டில் நாற்பத்திரண்டை விடவில்லை. செத்துப்போன குள்ளம்மாள் வீட்டைக் கிழக்கு எல்லையாகப் போட்டுக்கொண்டே வந்த கதைதான். அவள் அந்த நகலை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சந்திரமோகன் ஊர் மாரியம்மன் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், பாயில் பெண்கள். நடுவில், தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஊர்க்கவுண்டர் மாது. சந்திரமோகன் ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். கலைமதி நகலை மாதுவிடம் கொடுத்து, மூன்றரை ரூபாய்க் கணக்கைச் சொன்னாள். இதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

கிருஷ்ணப்பன் நகலை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது வெள்ளைக்காரன் கணக்கும்மா. அந்த அண்ணந்தம்பிங்க கெணத்துக்கு ஆவும். நாம சாமி முன்னால மஞ்சத் தாள்ல எழுதுனது தங்கக் கணக்கு. நாலு காசு சம்பாதிக்கற புள்ள, மூனு லட்சம் ஒனக்குப் பெருசா?"

நாலைந்து பேர் "அதானே" என்றார்கள். சென்னம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு லட்சமும் மாடும் போய்விட்டதென்றே அந்த நிமிஷம் கலைமதி நினைத்தாள். பிறகு, வீட்டிலிருந்து எடுத்து வந்து மடியில் வைத்திருந்த நிச்சயத்தின் மஞ்சள் தாளைப் பார்த்தாள். வேலைப் பழக்கத்தில் அதை முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். பரியம் பன்னிரண்டு வராகன், மாப்பிள்ளை வீட்டாரால் வைக்கப்பட்டு, பெண் வீட்டாரால் பெற்றுக்கொள்ளப்பட்டது.

"செரிங்க பெரிய மாமா, தங்கம்னே வெச்சிக்கலாம்," என்றாள்.

கிருஷ்ணப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்குனதத்தானுங்களே திருப்பணும்? எங்கப்பா கையில நீங்க வெச்சது நாப்பத்திரெண்டு ரூவா. தங்கம் வெக்கல. அப்போ பன்னண்டு தங்கக் காசு எங்கூட்டுக்கு இன்னும் நீங்க தர வேண்டியது பாக்கி. இப்ப வைங்க. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில திருப்பிக் குடுத்துடறேன்."

கிருஷ்ணப்பன் மாதுவைப் பார்த்தார், மாது கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் இல்லீங்க," என்று அவள் எழுந்து நின்றாள். "இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒவ்வொருத்தர் தாள்லயும் பன்னண்டுதான் எழுதியிருக்குது. எத்தினி பேரு தங்கம் வெச்சீங்க?"

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து ஒரு குரல் வந்தது. கிருஷ்ணப்பனின் மனைவி தங்கம்மாள். "எங்கப்பன் தட்டுல நாப்பத்தியொன்னுதான் இருந்துதாம். ஒரு ரூவா கொறைச்சிட்டாங்கன்னு எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிச்சு. தங்கம்னு அப்பவே தெரியாம போச்சே! ஏங்க, என் பன்னண்டு எங்க?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. "எனக்கும் வரணும்", "எங்கக்காவுக்கும்" என்று ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. மாதுவுக்கு நாலு மருமகள்கள். நாலு பேரும் கொட்டகையில்தான் இருந்தார்கள். அவர் மனதுக்குள் இருபது பவுனைக் கணக்குப் போட்டு முடித்தது முகத்திலேயே தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"எந்தக் காலத்துலயும் பன்னண்டு வராகன்னா நாப்பத்திரெண்டு ரூவாதாம்பா. இதுல பேச்சு என்னா வேண்டிக் கெடக்குது? தட்டக் கொண்டாங்க."

தட்டு வந்தது. கலைமதி இரண்டு இருபது ரூபாய்த் தாளையும் இரண்டு ரூபாய்க் காசையும் வைத்தாள். தட்டைத் தூக்க ஆம்பிளை யாரும் வரவில்லையா என்று மாது கேட்டார். சென்னம்மாள் எழுந்து தானே தட்டைத் தூக்கினாள்.

"பணம் உங்களுது, பொண்ணு எங்களுது," என்றாள்.

கிருஷ்ணப்பன் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது."

மூன்றாவது தடவை சொல்லும்போது சென்னம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் முழுக்கக் கல்லாக இருந்த கலைமதி அப்போதுதான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து மனுவை எடுத்துச் சந்திரமோகனிடம் நீட்டினாள். "படிச்சிட்டுப் போடுங்க," என்றாள். அவன் படிக்கவில்லை. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டான்.

கோர்ட்டு அதற்கப்புறமும் பல மாதம் இழுத்துத்தான் விட்டது. தை பிறந்தபோது கலைமதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு ஸ்டூல். ஒரு நாள் முற்பகல், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிருஷ்ணப்பன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வருவதா போவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"உக்காருங்க," என்றாள் கலைமதி.

பேத்தி காவியாவுக்கு நிச்சயமாம். நர்சிங் படித்த பெண். மாப்பிள்ளை வீடு சேலத்தில் வசதியான இடமாம். "அவங்க முன்னால கையில எழுதுன தாளு நல்லாருக்காது. டைப் அடிச்சதா இருக்கட்டும்னு பையன் சொன்னான்," என்றார். பக்கத்திலேயே வேறு இரண்டு கடைகள் இருப்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெயர், ஊர், தேதி எல்லாம் தட்டினாள். பரியம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பன்னண்டு தங்க வராகன்னு போடும்மா. ஒன்னு மூனு கிராம் நானூறு மில்லின்னு எடையும் போட்டுரு. இருக்கறவங்க, வெப்பாங்க."

மனிதனுக்கு எவ்வளவு தைரியம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தட்டினாள். பாதியில் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"போடறங்க பெரிய மாமா. ஒன்னு மட்டும் கேட்டுக்கறேன். நாளைக்கி காவியாவுக்கு அங்க இருக்க முடியாம வெளிய வரணும்னா, இந்த எடையத் திருப்பி வெச்சாத்தான் வர முடியும். செரிங்களா?"

"சீ! நல்ல காரியம் பேசற எடத்துல என்னா பேச்சு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வெளியே பொம்மிடி பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்தார். அது திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திரெண்டு ரூவான்னே போடும்மா," என்றார். "வராகனே வேணாம்."

அவள் அடித்ததை அழித்து, ரூபாய் நாற்பத்திரண்டு மட்டும் என்று எழுத்தில் தட்டினாள். தாள் சூடாக மெஷினிலிருந்து வந்தது. அதை நீட்டினாள். கிருஷ்ணப்பன் வாங்கவில்லை.

"கண்ணாடி கொண்டாரல," என்றார். "மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சிக் காட்டு."